நான்காவது கால்

வேட் மஸூர் அந்தச் செய்தியைச் சொன்னபோது என் கையில் ஒரு பெரோகி பாதி மூடியபடி இருந்தது. வியாழக்கிழமை. கோயிலுக்குக் கீழே உள்ள கூடத்தில், நீள மேசையைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்து, மாவு வட்டத்துக்குள் உருளைக்கிழங்கு மசியலை வைத்து ஓரத்தைக் கிள்ளி மூடிக்கொண்டிருந்தோம். தவக்கால வியாழன்கள் எல்லாம் எங்களுக்கு இப்படித்தான் போகும். இந்த வருடம் பெரோகி விற்கும் காசு முழுக்க லிஃப்டுக்கு. கூடத்துக்கு இறங்கும் படிகள் கிழவர்களுக்கு முடியவில்லையாம். நான் இப்போதும் கைப்பிடியைத் தொடாமல்தான் இறங்குகிறேன். லிஃப்ட் வேண்டாம் என்று கூட்டத்தில் கையைத் தூக்கியவள் நான் ஒருத்திதான். அதைக் கிழவியின் வீம்பு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேட், அந்த லிஃப்டை வைக்க வந்திருக்கும் ஒப்பந்தக்காரன். நாலாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது மீசையில் நரை. பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு வந்து அடுப்பருகே நின்று, என் சிநேகிதி நெட்டி நீட்டிய தட்டை வாங்கிக்கொண்டான்.

"திங்கக்கிழமை செவுத்த உடைக்கிறோம் டீச்சர்," என்றான். "பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குப் பின்னாடி பழைய குழாய் ஒண்ணு நிக்குது. கருவி வெச்சுப் பாத்தோம். டிராயிங்ல அது கிடையாது. அந்தக் காலத்து வெந்நீர்க் குழாயா இருக்கும். அறுத்துத் தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்."

"அறுக்கறதுக்கு முன்னாடி காத வெச்சுக் கேளுப்பா," என்றாள் நெட்டி. "எங்க வீட்டுக்காரர் சொன்ன பாவமெல்லாம் இன்னும் அதுக்குள்ளதான் ஓடிட்டிருக்கும்."

மேசை முழுவதும் சிரித்தது. நான் ஓரத்தைக் கிள்ளினேன். ஒட்டவில்லை. மறுபடி கிள்ளினேன்.

"ஒலிம்பியா, உன் கையில ஒண்ணு வாயப் பொளந்துட்டு நிக்குது," என்றாள் நெட்டி. "உனக்கா இப்படி?"

நான் அதைத் தனியாக எடுத்து வைத்தேன். வாய் பிளந்ததைக் கொதிநீரில் போட்டால் பானை முழுவதும் கெட்டுவிடும்.

அது வெந்நீர்க் குழாய் அல்ல.

வின்னிபெக் நகரின் வடபகுதியில் எங்கள் புனித பரஸ்கேவா கோயிலைத் தெரியாதவர்கள் இல்லை. ஒரே வளைவாக இறங்கும் கான்கிரீட் கூரை. தரையை மூன்றே இடத்தில் தொடுகிறது. என் தம்பி ஸ்லாவ்கோ கட்டியது. திறந்துவைத்த நாளில் பிஷப், மூவொரு கடவுளைக் கல்லில் கண்டோம் என்று பிரசங்கம் செய்தார். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் படம் வந்தது. தம்பிக்குப் பதக்கம் கொடுத்தார்கள். எங்கள் அப்பா ரயில்வே யார்டில் கரி அள்ளியவர். அவருடைய உக்ரேனியப் பெயரைச் சொல்ல வாய் வளையாமல் மேஸ்திரி அவரை ஹாரி என்று கூப்பிட்டான். ஓய்வுபெறும் நாள் வரைக்கும் அவர் ஹாரியாகவே இருந்தார். பதக்கம் கொடுத்த அன்று மேடையில் ஒருவர் மிரோஸ்லாவ் ஹவ்ரிலுக் என்று எங்கள் பெயரை ஒரு எழுத்துகூடச் சிதையாமல் வாசித்தார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரும்பி என்னைப் பார்த்து, "சரியாச் சொன்னான் இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பதக்கத்துக்கு முன்னால் நடந்தது அவருக்குத் தெரியாது. கூரையைத் தாங்கிய சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்தபோது, தரையைத் தொடாமல் நிற்க வேண்டிய தென்மேற்கு மூலை ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. என்ஜினியர் சொன்ன கனத்தைவிட அந்த மூலையை மெலிதாக்கியது ஸ்லாவ்கோதான், அழகுக்காக. அன்றைக்கு அவன் என் சமையலறை மேசைக்கு வந்து உட்கார்ந்தான். சூப்பை முன்னால் வைத்தேன். அதில் ஆடை படியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு வெளியூரிலிருந்து இரண்டு பற்றவைப்பவர்களைக் கூட்டி வந்து அந்த மூலைக்குக் கீழே ஒரு எஃகுத் தூணை நிறுத்தினான். தூணை மறைக்க ஒரு சுவர் எழுப்பினான். சுவருக்கு ஒரு காரணம் வேண்டுமே, அதன்முன் பாவசங்கீர்த்தனப் பெட்டியை வைத்தான். எங்கள் ஊர் முழுவதும் தன் பாவங்களை அந்தத் தூணுக்கு முதுகு கொடுத்துத்தான் சொல்லியிருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் அவனும் நானும் அப்போதைய சாமியாரும். அவர்கள் இருவரும் இப்போது மண்ணுக்குள். அந்தத் தூணை ஸ்லாவ்கோ வரைந்து வைத்தது ஒரே ஒரு தாளில். கட்டுமான வரைபடங்களில் ஏழாவது.

போன இலையுதிர்காலத்தில் தம்பியின் வரைபடங்களை வாங்கிக்கொள்ளப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்திலிருந்து லோயிஸ் தீசன் என் வீட்டுக்கு வந்தாள். மேட்டிமை இல்லாத, நிதானமான பெண். தாள்களைத் தொட வேண்டுமே என்று நான் என் வெள்ளைக் கையுறைகளைத் துவைத்து எடுத்து வைத்திருந்தேன். அவள் சமையலறைக் குழாயில் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வெறும் கையாலேயே தொட்டாள். கையுறை போட்டால் தாளின் ஓரம் கிழிவது விரலுக்குத் தெரியாதாம். தம்பியின் கட்டிலுக்கு அடியிலிருந்த சுருள்களை ஒவ்வொன்றாக விரித்தாள். கோயில், பள்ளிக்கூடம், கூட்டுறவு வங்கி, கட்டாமல் போன நகர மண்டபம். சிகரெட் சாம்பல் பட்டுப் பொசுங்கிய தாளைக்கூட வேண்டும் என்றாள். அதெல்லாம் எதற்கு, நன்றாக இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்றேன்.

"நல்லத மட்டும் எடுத்துக்கறது எங்க வேலை இல்லைங்க," என்றாள்.

பிறகு கோயில் சுருளை மறுபடி புரட்டினாள். ஆறுக்கு அப்புறம் எட்டு வருகிறதே என்று கேட்டாள். இருந்ததெல்லாம் இதுதான் என்று சொன்னேன். பொய் சொன்ன பிள்ளைகளை முப்பது வருடம் மூலையில் நிற்கவைத்த வாயால் சொன்னேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டாள். ஏழாவது தாள் கிடைக்கவில்லை என்று காப்பகத்தின் பட்டியலில் இப்போது ஒரு வரி இருக்கிறது. என் பொய் அங்கே அச்சில் இருக்கிறது.

தாளை எரித்திருக்கலாம். அவன் கையெழுத்தை எரிக்க எனக்கு மனம் வரவில்லை. சமையலறை மேசையின் எண்ணெய்த்துணி விரிப்புக்கு அடியில் விரித்து வைத்தேன். குளிர்காலம் முழுக்க அதன்மேல் தட்டை வைத்துத்தான் கஞ்சி குடித்தேன்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. காப்பகம் என்றால் தாள்கள் ஓய்வெடுக்கப் போகும் இடம் என்று நினைத்திருந்தேன். கட்டடத்தில் கைவைக்க வருகிறவர்கள் முதலில் அங்கேதான் போவார்களாம். வேட்டும் அவனுடைய என்ஜினியரும் போயிருக்கிறார்கள். லோயிஸ் இருந்த தாள்களுக்கெல்லாம் படியெடுத்துக் கொடுத்திருக்கிறாள். இல்லாத தாள் மணிக்கூண்டைப் பற்றியதாக இருக்கும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். இன்னொன்றும் உண்டு. மே மாதம் காப்பகத்தில் கண்காட்சி. அதன் சுவரொட்டியை லோயிஸ் எனக்கு அனுப்பியிருந்தாள். எங்கள் கோயில்தான் அதில். கீழே 'மூன்று புள்ளிகளில் நிற்கும் கூரை' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. தம்பி மகன் ரோமன் கால்கரியிலிருந்து குடும்பத்தோடு வருகிறான்.

வேட்டைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். ஆனால் வேட் என்ஜினியரிடம் சொல்லியாக வேண்டும், என்ஜினியர் காப்பகத்தைக் கேட்பார், சாயங்காலத்துக்குள் நெட்டிக்குத் தெரிந்துவிடும். மொட்டைக் கடிதம் போடலாம். என் கையெழுத்தை அறியாத வீடு இந்தப் பங்கில் இல்லை. வியாழன் இரவு முழுவதும் இப்படி யோசித்து வெள்ளிக்கிழமை காலையில்தான் எனக்கு வழி தெரிந்தது. அப்போது அது நல்ல வழியாகத்தான் தெரிந்தது.

எங்கள் சாமியார் ஃபாதர் ஒஸ்தாப், சின்ன வயது, உக்ரேனிலிருந்து வந்தவர். பெட்டிக்குள் உட்கார்ந்து பாவம் கேட்பது நம் உக்ரேனிய மரபே அல்ல, இலத்தீன்காரர்களிடம் கடன் வாங்கியது என்பார். அவர் வந்ததிலிருந்து பீடத்துப் படத்துக்கு முன்னால் நின்றுதான் பாவசங்கீர்த்தனம். நான் பெட்டியில்தான் சொல்வேன் என்றேன்.

"அதுல தொடப்பமும் வாளியும்தான் இருக்கு பானி," என்றார். எங்களில் வயதில் பெரிய பெண்களை அப்படித்தான் அழைப்போம்.

"எடுத்து வெளிய வைங்க."

வைத்தார். உள்ளே அவருக்கு நாற்காலி இல்லை. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நான் முட்டிபோட்டேன், முதுகுக்குப் பின்னால் அந்தச் சுவர். சல்லடைத் திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தூண், ஏழாவது தாள், லோயிஸிடம் சொன்ன பொய், வேட் அறுக்கப்போகும் குழாய். சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் வாளி கிறீச்சிட்டது.

"வேற யாருக்குத் தெரியும்?"

"இப்ப உங்களுக்கு. திங்கக்கிழமை வேலைய நிறுத்திடுங்க, ஃபாதர். காரணம் நீங்களா ஏதாவது சொல்லிக்கலாம்."

அவர் திரைக்கு அருகே குனிந்தார்.

"இத வெளிய, ஒரு காபி குடிக்கிறப்ப சொல்லியிருந்தீங்கன்னா, கோப்பைய வைக்கறதுக்குள்ள வேட்டைக் கூப்பிட்டிருப்பேன். இங்க வந்து சொல்லிட்டீங்க. இங்க கேட்டத வெச்சு நான் ஒரு நாற்காலியக்கூட நகர்த்தக்கூடாது."

"சொல்லத்தான கூடாது. செய்யக்கூடாதுன்னு யாரு சொன்னா?"

"செய்யவும் கூடாது, பானி. தெரிஞ்சவன் மாதிரி நடந்துக்கவே எனக்கு உரிமை இல்ல. அவன் வந்து சாவி கேட்டா நான் குடுத்துத்தான் ஆகணும்."

எண்பது வருடம் பூசை கண்டவள் நான். ஞானோபதேச வகுப்பு எடுத்தவள். இது எனக்குத் தெரியவில்லை. கடவுளிடம் சொன்னதாகவும் இருக்கும், ஊர் காதுக்குப் போகாமலும் இருக்கும், கூரையும் நிற்கும் என்று கணக்குப் போட்டு வந்து, அவர் கையையும் கட்டிவிட்டேன்.

"வெளிய வந்து அதையே சொல்லுங்க," என்றார். குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டிருந்தது. "இப்பவே. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம். உங்கள நான் கெஞ்சக்கூடச் செய்யறேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் சொன்னால் அது ஊர்ச் செய்தி. நான் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டேன். மன்னிப்பின் வார்த்தைகளை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது வாளியையும் துடைப்பத்தையும் இரண்டு கையில் பிடித்தபடி நடுக்கோயிலில் நின்றுகொண்டிருந்தார்.

சனிக்கிழமை பனி பெய்தது. ஜனவரிப் பனிபோல் ஊதினால் பறப்பது அல்ல. மார்ச் மாதத்து ஈரப் பனி, மண்வெட்டியில் ஈயம் மாதிரி கனக்கிறது. ஞாயிறு காலை அந்தக் கனத்துக்குக் கீழே எல்லோரும் பூசைக்கு வந்தார்கள். கூரை எப்போதும்போல இருந்தது. ஃபாதர் ஒஸ்தாப் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருப்பதும் தெரிந்தவன் மாதிரி நடந்துகொள்வதாகிவிடுமோ என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு தடவை நேராகப் பார்த்து, வேற்று ஆளைப் பார்ப்பதுபோலப் புன்னகை செய்தார். நெட்டி தன் வழக்கமான இடத்தில், கடைசி வரிசையில், பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெப்பக் காற்று வரும் துவாரம் அங்கே இருக்கிறது, அவளுக்கு மூட்டுவலி. பாட்டு வரும்போதெல்லாம் அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சுவரில் வைத்துக்கொள்வாள். நாற்பது வருடமாக அப்படித்தான் பாடுகிறாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்து, எழ வேண்டிய இடத்தில் எழ மறந்தேன்.

பூசை முடிந்து படியிறங்கும்போது கேட்டாள்: "உடம்புக்கு என்னடி? மூஞ்சி செத்துப்போயிருக்கு."

"நாளைக்கிக் காலைல பூசைக்கு வராத," என்றேன்.

"ஏன்? உன் அனுமதி வாங்கணுமா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை நான் மேசையிலிருந்து எண்ணெய்த்துணியை உரித்தேன். தாள் மரத்தோடு இலேசாக ஒட்டியிருந்தது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, லோயிஸ் செய்ததுபோல, வெறும் விரலால் ஓரம் ஓரமாகப் பிரித்தெடுத்தேன். ஒரு மூலையில் தேநீர்க் கறை. இந்தக் குளிர்காலத்துக் கறை, என்னுடையது. சுருட்டிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

பெட்டியைச் சுற்றி பிளாஸ்டிக் திரை தொங்கவிட்டிருந்தார்கள். சுவரின் பூச்சைக் கொத்தியாயிற்று. உள்ளே தூண் தெரிந்தது, துருப்பிடிக்காமல், பற்றவைத்த தழும்போடு. வேட் அதை ஒரு விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அறுக்கும் எந்திரம் தரையில் இருந்தது. ஃபாதர் ஒஸ்தாப் சற்றுத் தள்ளிக் காபிக் குடுவையோடு நின்றிருந்தார். முன்னால் சில கிழவர்களோடு நெட்டி பூசைக்குக் காத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வரத் தொடங்கினாள்.

"டீச்சர், இங்க தூசி, தள்ளி நில்லுங்க," என்றான் வேட். பிறகு மறுபடி தூணைப் பார்த்தான். "குழாய்ன்னா இவ்வளவு கனமா இருக்காதே?"

நான் கோட்டின் பொத்தானைக் கழற்றினேன். சுருளை எடுத்துப் பக்கத்திலிருந்த மேசைமேல் விரித்தேன். இத்தனை வருடம் சுருண்டே இருந்த தாள். ஒரு குளிர்காலம் மட்டும் படுத்திருந்தது அதற்குப் போதவில்லை. விட்டவுடன் துள்ளிச் சுருண்டது. வேட் ஒரு மூலையில் சுத்தியலை வைத்தான். இன்னொன்றில் டேப்பை. ஃபாதர் முன்னால் வந்து மூன்றாவது மூலையில், மெதுவாக, காபிக் குடுவையை வைத்துவிட்டுப் பின்வாங்கிக்கொண்டார். அவர் கண் ஈரமாக இருந்தது. நான்காவது மூலை கீழே வலப்பக்கம். கட்டடக்கலைஞன் தன் பெயரையும் தேதியையும் எழுதும் இடம். அது மட்டும் எழும்பி எழும்பி மடங்கியது. நான் என் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினேன்.

வேட் குனிந்து தாளில் விரலை ஓட்டினான். கூரையின் கோடு, மூலை, மூலைக்குக் கீழே தூண். விரல் அங்கே நின்றது. அவன் நிமிர்ந்து பார்க்காமலே காலால் எந்திரத்தைத் தள்ளி வைத்தான்.

"இது ஆர்க்கைவ்ஸ்ல இல்லையே," என்றான். பின்னால் நெட்டியின் கைத்தடி தரையில் தட்டிக்கொண்டே நெருங்கியது.

"டீச்சர்," என்றான் வேட், இப்போது மெல்லிய குரலில். "கையைக் கொஞ்சம் எடுங்க. யார் வரைஞ்சதுன்னு பாக்கணும்."

கைக்கு அடியில் தாள் எழும்பப் பார்த்துக்கொண்டே இருந்தது.