ஒன்பது பன்னிரண்டு

மாமனாரின் கழுத்தில் வைத்திருந்த இரண்டு விரல்களை அவள் எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் ஒரு முழுச் சுற்று வந்தது. இன்னொரு சுற்றும் வரட்டும் என்று விட்டாள். அதுவும் வந்தது. பிறகு மருந்து மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, இடது புறங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, 9.12 என்று எழுதினாள்.

பத்தொன்பது வருடப் பழக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவில் காகிதம் தேட நேரம் இருக்காது. கையில் குறித்துக்கொண்டு, கொஞ்சம் மூச்சு விட்டதும் சார்ட்டில் ஏற்றுவார்கள். டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும்போது அவள் புறங்கையில் பாதி வார்டு இருக்கும். இந்த நாட்டுக்கு வந்த நாலு வருடத்தில் கையில் எழுதும்படி எதுவும் நடக்கவில்லை. முதியோர் இல்லத்தில் அவளுக்குப் பராமரிப்பு உதவியாளர் வேலை. யார் எத்தனை ஸ்பூன் சாப்பிட்டார்கள் என்று ஒரு தாளில் டிக் அடித்தால் போதும்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள்.

கணவன் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசல்படியில் நின்றான். கட்டிலைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தான்.

"போயிட்டாராம்மா?"

அவள் கட்டிலின் கால்மாட்டைக் காட்டினாள். "அந்த ஃபைல்ல இருக்கிற நம்பருக்கு போன் போடுங்க."

கட்டிலின் கால்மாட்டில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு தொங்கியது. இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை என்று அவரை வீட்டுக்கு அனுப்பியபோது கூடவே வந்தது. அதன் முதல் பக்கத்தில், கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவு பெரிய எழுத்தில், பதிவுபெற்ற நர்ஸ் நேரில் வந்து உறுதிசெய்யும்வரை உடலை நகர்த்தவோ கழுவவோ கூடாது, இறப்பு நேர்ந்துவிட்டதாகக் குடும்பத்தினர் தாமாக முடிவுசெய்துகொள்ளக் கூடாது என்று போட்டிருந்தது. மாமனார் முப்பத்தாறு வருடம் அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் சூப்பிரண்டாக இருந்து ஓய்வுபெற்றவர். சீல் இல்லாத காகிதத்தை விரலால்கூடத் தொடாதவர். தாம் இறந்தது செல்லுமா செல்லாதா என்று ஒருவர் வந்து பார்த்துச் சொல்லும்வரை காத்திருப்பதில் அவருக்கு ஆட்சேபம் ஏதும் இருந்திருக்காது.

நர்ஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். கணவன் ஊரிலிருந்த தன் தங்கைக்குப் போன் போட்டு, அதை மனைவி கையில் கொடுத்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். இங்கே காலை; நாத்தனாருக்கு அங்கே இன்னும் விடியவில்லை.

"அண்ணி, மறைக்காதீங்க. நீங்க எத்தனை பேரைப் பாத்திருப்பீங்க. அப்பா போயிட்டாரா, இல்லையா?"

"இன்னும் வந்து பாக்கல."

"யாரு வந்து பாக்கணும்? நீங்க பாத்தீங்கள்ல?"

"நான் பாத்தது கணக்குல வராதும்மா."

நாத்தனார் எழுந்து விளக்கைப் போடும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் அழலாமா, வேண்டாமா?" என்று நாத்தனார் கேட்டாள். விளையாட்டாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள் அண்ணிக்காரி.

நாத்தனார் உட்பட உறவு முழுக்க, அவள் இங்கே ஹெட் நர்ஸ் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தது. கணவன் ஆரம்பத்தில் வெறும் நர்ஸ் என்றுதான் சொல்லி வைத்தான். லைசென்ஸ் தேர்வில் அவள் முதல் தடவை தோற்றபோது சீனியர் நர்ஸ் ஆக்கினான். இரண்டாம் தடவை தோற்றதும் ஹெட் நர்ஸ். மூன்றாவது தேர்வு வருகிற வியாழக்கிழமை. அதற்குமேல் வாய்ப்பு கிடையாது. தோற்றால், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு முதலாம் ஆண்டு வகுப்பில் உட்கார்ந்து, கை கழுவுவது எப்படி என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எழுத்துத் தேர்வை அவள் முதல் தடவையே தாண்டிவிட்டாள். செய்முறைதான் உதைத்தது. இரண்டு தடவையும் ஒரே இடத்தில். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறுவதாக நடிக்க ஓர் ஆளைப் படுக்க வைத்திருப்பார்கள். அறைக்குள் நுழைந்ததும் அவள் கை தானாகப் போய்த் தலைமாட்டை உயர்த்திவிடும், மணிக்கட்டைப் பிடித்துவிடும். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். தேர்வு வாரியத்தின் கடிதம் மிகவும் மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. நோயாளிக்கு எந்த ஆபத்தும் நேரவில்லை. எனினும் தேர்வர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளவில்லை, நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுச் சரிபார்க்கவில்லை, தொடுவதற்கு அனுமதி பெறவில்லை.

மாமனார் அந்தக் கடிதத்தைக் கோப்பு பார்ப்பதுபோல் இரண்டு தரம் படித்தார். "அவன் எழுதினதுல தப்பில்லம்மா. யாரு என்னன்னு கேக்காம கை வைக்கலாமா? அப்ளிகேஷன் நம்பர் இல்லாம வந்தவன் மூஞ்சியை நான் நிமிந்துகூட பாத்ததில்ல" என்றார். மறுநாளே நோயாளி பதவியை ஏற்றுக்கொண்டார்.

அவளுக்கு மாலை ஷிப்ட் என்பதால் தினமும் காலை பத்து மணிக்குப் பயிற்சி. ஒரு சுற்றுக்கு எட்டு நிமிடம். சமையலறை டைமரை முடுக்கி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு படுத்துவிடுவார். மாரடைப்பு, ஆஸ்துமா, சர்க்கரை மயக்கம் எல்லாவற்றுக்கும் உடன்பட்டார். குடித்துவிட்டு விழுந்து மண்டை உடைந்தவனாக நடிக்க மட்டும் மறுத்தார், தகுதிக்குப் பொருந்தாது என்று. விழுந்தவர் ஓய்வுபெற்ற அதிகாரி, அதுவும் குளியலறையில்தான் வழுக்கினார் என்று அவள் கேஸைத் திருத்திய பிறகுதான் கட்டிலில் சாய்ந்தார்.

அவள் வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவாள். தன் பெயரைச் சொல்வாள். "நான்தான் இன்னிக்கு உங்களைப் பாத்துக்கிற நர்ஸ்" என்பாள். இந்த நாட்டில் அந்த வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு இருந்த ஒரே அறை அது. சில நாள், சரியாக வரவில்லை என்று சாக்கு சொல்லி, வெளியே போய் மறுபடி தட்டுவாள்.

"உங்க பேரும் பிறந்த தேதியும் சொல்றீங்களா?"

பெயரைச் சொல்வார். பிறகு, தினமும் புதிதாகத் தோன்றியதுபோல், "தேதி சர்டிபிகேட்ல உள்ளதா, நிஜமானதா?" என்பார். பள்ளியில் சேர்த்த வாத்தியார் வயது போதவில்லை என்று ஜூன் ஒன்று போட்டுவிட்டார். அவர் பிறந்தது ஐப்பசி அடைமழையில்.

"கார்டுல உள்ளதைச் சொல்லுங்க, மாமா."

"அப்ப நிஜமா பொறந்ததுக்கு மதிப்பில்ல?"

கேட்பதற்கு முன் அவள் கை நீண்டால், தன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். "பெர்மிஷன்?"

மூன்று மாதத்துக்கு முன் ஈரலில் உண்மையான நோய் வந்து படுத்த பிறகும் அதை அவர் விடவில்லை. போன சனிக்கிழமை, சரிந்து கிடந்தவரை அவள் அவசரமாகத் தோளுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினாள். கண்ணைத் திறந்தார். "பெயில்" என்றார். அவர் தெளிவாகப் பேசிய கடைசிச் சொல் அது.

பத்து நாற்பதுக்கு அழைப்பு மணி அடித்தது. பதிவுபெற்ற நர்ஸ் சின்னப் பெண். முதுகில் பை, கன்னத்தில் குளிரின் சிவப்பு. நுழைந்ததும் தன் பெயரைச் சொன்னாள், தான் யார் என்று சொன்னாள், கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அதில் படமும், படத்துக்குக் கீழே எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருந்தன. கணவன் படத்தைப் பார்த்தான். அவள் எண்ணைப் பார்த்தாள்.

இறந்தவரின் பெயரும் பிறந்த தேதியும் சொல்ல முடியுமா என்று நர்ஸ் மெல்லக் கேட்டாள். கணவன் பெயரைச் சொன்னான். துக்கத்தில் அவன் வாயில் நிஜத் தேதி வந்துவிட்டது.

நர்ஸ் தன் தாளைப் பார்த்தாள், கோப்பைப் பார்த்தாள், மிகவும் வருந்துவதாகச் சொல்லி ஸ்டெதாஸ்கோப்பைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். படுத்திருப்பவர் இறந்திருக்கலாம், ஆனால் தாளில் உள்ளவர்தான் இவர் என்று உறுதியாகவில்லை. அறுபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய பள்ளிச் சேர்க்கையையும் வாத்தியாரின் நல்ல மனசையும் கணவன் இந்த நாட்டு மொழியில் விளக்கத் தொடங்கினான். மொழி பாதியில் தீர்ந்துவிட்டது.

"ஜூன் ஒன்று" என்றாள் அவள். வருடத்தையும் சொன்னாள்.

ஸ்டெதாஸ்கோப் வெளியே வந்தது. நர்ஸ் குறையில்லாமல் செய்தாள். குனிந்து, அவர் பெயரைச் சொல்லி, தொடப்போவதாகச் சொல்லிவிட்டுத்தான் தொட்டாள். ஐந்து நிமிடம் நெஞ்சில் வைத்துக் கேட்டாள். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தாள். நிமிர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்து, பத்து ஐம்பது என்று எழுதினாள்.

"ஒன்பது பன்னிரண்டு" என்றாள் அவள்.

உறுதிசெய்யப்பட்ட நேரத்துக்குத்தான் படிவத்தில் கட்டம் இருக்கிறது என்று நர்ஸ் இதமாகச் சொன்னாள். அந்த நேரத்தில் உடனிருந்தவர் யார், உறவு என்ன என்று கேட்டு, மருமகள் என்று எழுதிக்கொண்டாள். தொழில்?

"ஹெட் நர்ஸ்" என்றான் கணவன்.

நர்ஸின் முகம் மலர்ந்தது. பதிவு எண் என்ன என்று ஆவலாகக் கேட்டாள். பேனா தாளின்மேல் காத்திருந்தது. கணவன் ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே தெரியாத எதையோ பார்த்தான்.

"பராமரிப்பு உதவியாளர்" என்றாள் அவள்.

நர்ஸ் அதை எழுதினாள். தாளை மடிக்கும்போது எதிரே இருந்தவளின் புறங்கையில் அவள் கண் ஒரு கணம் நின்றது. நர்ஸ் தன் இடது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். அதன் ஓரத்திலும் நீலமாக ஏதோ எண் தெரிந்ததுபோல் இருந்தது. இனிக் கழுவலாம் என்றாள். வேண்டுமானால் ஆள் அனுப்பச் சொல்வதாகவும் சொன்னாள். தானே செய்துகொள்வதாக அவள் சொன்னாள்.

கதவு சாத்தியதும் கணவன் போனை எடுத்தான். "பத்து அம்பதுக்கும்மா" என்றான். அந்தப் பக்கம் நாத்தனார் ஓவென்று அழுதாள். இவனும் அப்போதுதான் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

அவள் பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் பிடித்தாள். முழங்கையால் தொட்டுச் சூடு பார்த்தாள். இரண்டு துண்டை அதில் போட்டு, அறை வாசலில் வந்து நின்று கதவைத் தட்டினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"வணக்கம்" என்றாள். தன் பெயரைச் சொன்னாள். "நான்தான் இன்னிக்கு உங்களைப் பாத்துக்கிற நர்ஸ்."

பேசினை ஸ்டூலில் வைத்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"உங்க பேரும் பிறந்த தேதியும் சொல்றீங்களா?"

மேசைமேல் டைமர் பூஜ்யத்தில் இருந்தது. ஒருவர் யோசித்துப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் கொடுத்தாள். அதற்கு மேலும் கொஞ்சம் கொடுத்தாள்.

"உடம்பு துடைக்கப் போறேன், மாமா. தொடலாமா?"

போர்வைக்கு மேல் இருந்த கை அங்கேயே இருந்தது.

வலது கையால் மட்டும் துண்டை எடுத்து, பேசினின் விளிம்பில் அழுத்தி அழுத்திப் பிழிந்தாள். ஒரு கையால் பிழிவதில் தண்ணீர் சரியாக வடியவில்லை. திரும்பவும் அழுத்தினாள். நெற்றியிலிருந்து தொடங்கி, கண்ணோரம், காது மடல், கழுத்து என்று துடைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு முறை துண்டை நனைக்கும்போதும், இடது கையை நீர் தெறிக்காத தூரத்தில் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.