பில் ஏறினால் மகன் நலம்

மாதத்தின் முதல் வாரத்தில், பெரும்பாலும் காலை வேலை சூடு பிடிக்கும் நேரத்தில், பல்லம்மாவின் போனுக்கு வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வரும். அவள் மெழுகுக் கத்தியைக் கீழே வைப்பாள். மேலங்கியில் விரலைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதிலிருக்கும் தொகையைப் படிப்பாள். ஒரு முறை படித்தது போதாதென்று இன்னொரு முறையும் படிப்பாள்.

"என்னக்கா, லாட்டரியா?" என்பாள் பக்கத்து மேசைக்காரி.

"ஆமா, விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் கத்தியை மறுபடி எடுப்பாள்.

உண்மையில் அது அவளுடைய கிரெடிட் கார்டிலிருந்து போன பணம். போன பணத்தைப் பார்த்து இப்படி முகம் மலர்கிற ஒரே ஆள் அந்த ஊரில் இவளாகத்தான் இருக்கும்.

பல்லம்மா என்பது வேலையிடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவள் அதில் பிளாஸ்டரை ஊற்றிப் பல் வரிசையை வெளியே எடுப்பாள். உடைந்த பல்லுக்கு மெழுகில் உருவம் கொடுத்து, பிறகு பீங்கானில் சுட்டு, கேப் செய்து திருப்பி அனுப்புவாள். அந்த வாய் யாருடையது, அது என்ன பேசும், யாரைத் திட்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. முப்பது வருஷமாக ஊர் மெல்லுவது இவள் புண்ணியத்தில்தான் என்று மகன் கேலி செய்வான்.

அந்த மகன்தான் பணம் போவதற்குக் காரணம். படிப்பை முடித்த கையோடு வேலை தேடாமல், வீட்டின் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டான். பார்வையில்லாதவர்கள் கேட்பதற்காகப் புத்தகங்களை யார் யாரோ குரலில் படித்து அனுப்ப, அதையெல்லாம் சேர்த்து வைக்கிற ஒரு தளம். குரல்களைச் சேர்த்து வைக்கக் கிளவுடில், அதாவது இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கிற கணினிகளில், இடம் வாங்க வேண்டியிருந்தது. அதற்குக் கிரெடிட் கார்டு கேட்டது. அவனிடம் ஏது கார்டு?

"அம்மா, உன் நம்பரைச் சொல்லு. அப்புறம் மாத்திக்கறேன்" என்றான்.

சமையலறையில் நின்றபடியே சொன்னாள். அந்த 'அப்புறம்' வரவேயில்லை.

அதன் பிறகு அவளுக்கு இரண்டாவது கல்யாணம் ஆனது. முதல் கணவர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் வேலையிடத்துக் கட்டடத்தில் லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோக, உள்ளே இவள் தனியாக மாட்டிக்கொண்டாள். சரிசெய்ய வந்த லிப்ட்காரர், பயப்படாமல் இருக்கட்டுமென்று மேலேயிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். லிப்ட் ஓடத் தொடங்கிய பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. ஒரு வருஷம் கழித்துப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இன்றுவரை ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

மகன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் சமாதானம் என்று ஒன்று பின்னால் வந்திருக்கும். "உன் இஷ்டம்மா" என்று மட்டும் சொன்னான். கையெழுத்துக்கு முன்பே, அவரை ஒரு முறைகூடப் பார்க்காமல், கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனான். முதலில் வாரத்துக்கு ஒரு போன் வந்தது. பிறகு அவள் பிறந்தநாளுக்கு ஒரு வரி. பிறகு அதுவும் இல்லை. அவள் கூப்பிட்டால் எடுப்பான்; கேட்டதற்குப் பதில் சொல்வான்; அவனாக ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல மாட்டான். சுவரோடு பேசினால் அதுவாவது எதிரொலிக்கும் என்று அவளும் கூப்பிடுவதை விட்டாள்.

பேச்சு அறுந்தது, பில் அறுபடவில்லை. அவள் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். கேட்பவர்கள் கூடினால் தொகை ஏறும். பரீட்சைக் காலத்தில் ஏறும், விடுமுறையில் இறங்கும். ஏறினால் அவன் நன்றாக இருக்கிறான். ஒரு மாதம் பாதியாக இறங்கியபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதம் பழையபடி வந்ததும் பக்கத்து மேசைக்காரிக்கு டீ வாங்கிக் கொடுத்தாள், எதற்கென்று சொல்லவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்ததில், ஒரு விடுமுறை நாள் மத்தியானம் வங்கியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"மேடம், உங்க கார்டுல வழக்கத்தைவிடப் பத்து மடங்கு பெரிய தொகை வந்திருக்கு. நீங்க பண்ணதுதானா? இல்லன்னா கார்டை நிறுத்திடறோம்."

"நான் பண்ணதுதான்" என்றாள் பல்லம்மா, யோசிக்காமல்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த லிப்ட்காரர் தலையைத் தூக்கினார். "என்ன வாங்குனீங்க?"

"ஒண்ணும் வாங்கல."

அவர் கத்தியை வைத்துவிட்டுக் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் அவள் சொன்னாள். கார்டு அங்கே போன கதை, மாதா மாதம் வருகிற செய்தி, ஏற்றம், இறக்கம், எல்லாம். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என் கார்டை எடுத்துடுவான்."

லிப்ட்காரர் நறுக்கிய காய்களை ஓரமாக ஒதுக்கினார். "பணத்தை விடுங்க. லிப்ட் மோட்டார் திடீர்னு கரண்டை வாரி இழுத்தா, அடடா நிறைய பேர் ஏறுறாங்கன்னு நாங்க சந்தோஷப்பட மாட்டோம். எங்கேயோ சிக்கியிருக்குன்னுதான் ஓடுவோம். புள்ளைக்கு என்ன ஆச்சோ, கேளுங்க."

அதற்குப் பிறகு அவளால் உட்கார முடியவில்லை. பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டாள். நெடுநேரம் மணி அடித்தது.

"சொல்லும்மா."

"வேலையெல்லாம் நல்லா போகுதாப்பா?"

"போகுது."

"உன் கிளவுடுக் கணக்கைக் கொஞ்சம் பாரு. பில் ஏகத்துக்கும் ஏறியிருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத்தானே வருது."

மறுமுனையில் விசைகள் தட்டும் ஓசை கேட்டது. பிறகு பல்லிடுக்கில் மூச்சை இழுக்கும் ஓசை. பழைய பதிவுகளில் இருக்கும் இரைச்சலை நீக்கப் பெரிய இயந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்திருந்தானாம். வேலை முடிந்தும் அணைக்க மறந்துவிட்டானாம். ஒவ்வொன்றாக அணைத்தான். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள்.

"இது உன் கார்டு" என்றான் பிறகு. "நான் என் கார்டைப் போட்டேனே, அதுலதான் போகுதுன்னு நினைச்சேன்."

"போட்டிருப்பே. அது ரெண்டாவதா நின்னிருக்கும். முதல்ல நிக்கறது நான்."

"இத்தனை வருஷமாவா? ஏம்மா சொல்லல?"

"என்னத்தைச் சொல்ல? மாசத்துக்கு ஒரு தடவ நீ இருக்கேன்னு எனக்குச் சேதி வருது. சேதி கொண்டுவர்றவனுக்குக் கூலி கொடுக்க வேண்டாமா?"

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவது அவன் பக்கம் கேட்டது. அவன் வீட்டு ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"எடுத்துடறேன்மா."

"இப்பவேவா?"

"இப்பவே. இல்லன்னா மறுபடி மறந்துடுவேன்."

அவனுடைய கார்டை முதலாவதாக மாற்றிய பிறகுதான் கிளவுடுக் கணக்கு அவளுடையதை எடுக்க விட்டது. திரையில் வருவதை வாய்விட்டுப் படிப்பது அவனுக்குச் சின்ன வயசுப் பழக்கம். "இந்தக் கார்டை நிச்சயமாக நீக்க வேண்டுமா" என்று படித்தான்.

"கொஞ்சம் இரு."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. எடு."

ஒரு சின்ன ஓசை. அவ்வளவுதான். இவ்வளவு நாள் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்ததற்கு அது மிகச் சின்ன ஓசை.

"கொடுத்த பணத்தையெல்லாம் அனுப்பிடறேன்" என்றான்.

"அனுப்பினா திருப்பி அனுப்புவேன். அது இருக்கட்டும், உன் வாயில என்ன? ஒரு பக்கம் வீங்கியிருக்கா?"

"உனக்கு எப்படி..."

"பேச்சு ஒரு பக்கமா இடிச்சுக்கிட்டு வருது."

ஒரு வாரமாகப் பல் வலி என்றான். வலியில் எதுவும் ஓடவில்லை, அதனால்தான் இயந்திரங்களை மறந்தான். டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். பார்க்கிறேன் என்றான். அதோடு பேச்சு முடிந்தது.

அடுத்த மாதம் முதல் வாரம் வந்தது. போனை எதிரே நிமிர்த்தி வைத்துக்கொண்டு வேலை செய்தாள். ஒரு செய்தியும் வரவில்லை. வராது என்று தெரியும். பல் வலி என்றானே, பார்த்தானா, தின்றானா, தளம் எப்படி ஓடுகிறது? படிக்க ஒரு தொகைகூட இல்லை. மகன் இரண்டாம் முறை வீட்டைவிட்டுப் போனது போலிருந்தது. மூன்று மெழுகுப் பற்களைக் கெடுத்த பிறகு, படிக்கட்டில் போய் நின்று அவனைப் போனில் கூப்பிட்டாள்.

எதிரொலி வராத சுவர்தானே, கேட்டுத்தான் பார்ப்போம் என்று, பில்லில் படித்துக்கொண்டிருந்ததையெல்லாம் வாயால் கேட்டாள். இந்த மாதம் எத்தனை பேர் கேட்டார்கள்? எந்தப் புத்தகம்? அவன் முதலில் ஒரு சொல்லில் பதில் சொன்னான். பிறகு, ஒரு பாட்டு வாத்தியார் ஒரே கதையைப் பத்து நாளாகத் தினமும் கேட்கிறார் என்று அவனாகவே சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எந்தப் பில்லிலும் வந்ததில்லை.

"பல்லு?"

"இடது பக்கம் வேர் சிகிச்சை பண்ணிட்டாங்க. மேல கேப் போடணுமாம்."

"அச்சு எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லு."

"இங்கேயே செய்யறவங்க இருக்காங்கம்மா."

"இருப்பாங்க."

"சரி, சொல்றேன்."

பார்சல் வந்த அன்று அதை வேறு யாரையும் தொட விடவில்லை. பிளாஸ்டர் கலந்து, குமிழி விழாமல் தட்டித் தட்டி ஊற்றி, இறுகியதும் மெல்லப் பிரித்தாள். உள்ளங்கையில் மகனின் பல் வரிசை உட்கார்ந்திருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்து மூளியான முன்பல். நெருக்கியடித்துக்கொண்டு சாய்ந்து முளைத்த கீழ்ப்பல். எல்லாம் அவள் பார்க்க முளைத்தவை. ஆனால் கடைவாய்ப் பற்களின் மேடுகள் தேய்ந்து தட்டையாகியிருந்தன. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்களுக்கு அப்படி ஆகும். வீட்டில் இருந்தவரை அவனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவள் பெருவிரலால் அந்தத் தேய்மானத்தைத் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தாள்.

சாயங்காலம் அழைத்துப்போக வந்த லிப்ட்காரர் மேசையைப் பார்த்தார். "இவன்தானா?"

"ம்."

"முதல் சந்திப்பு. வணக்கம் சொல்லிடறேன்" என்று பிளாஸ்டர் பற்களைப் பார்த்துக் கைகூப்பினார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

கேப் போய்ச் சேர்ந்து பொருத்திய மறுநாள் அவனே கூப்பிட்டான்.

"நல்லா உக்காந்திருக்கும்மா. கடிக்கும்போது மட்டும் ஒரு நூல் உயரமா இருக்கு."

எந்த டாக்டரும் இரண்டு தேய்ப்பில் சரிசெய்துவிடுகிற விஷயம் அது. தினமும் நடப்பது.

"நேர்ல பாத்தாத்தான் தெரியும்" என்றாள்.

"அவர் இருப்பாரா?"

"இருப்பார். அவருக்கும் இது வீடுதானே."

"பாக்கறேன்மா" என்று வைத்துவிட்டான்.

கூடத்தில் இருந்த லிப்ட்காரர், "வேணும்னே உயரமா வெச்சீங்களா?" என்று கேட்டார்.

"தொழில்ல அப்படிச் செய்ய மாட்டேன்."

"அப்ப அங்கேயே தேய்ச்சுக்கச் சொல்லியிருக்கலாமே."

"அவன் கேக்கலையே."

அந்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பல்லம்மா வேலைக்குப் போனாள், வந்தாள், வழக்கத்தைவிட ஒரு ஆழாக்கு அரிசியைக் கூடுதலாகக் களைந்துவிட்டு, ராத்திரியில் மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். மூன்றாவது வாரம், பீங்கான் சூளை சூடாகக் காத்திருந்தபோது போன் அடித்தது.

"டாக்டர்கிட்ட போயிருந்தேன்மா. ரெண்டு நிமிஷத்துல தேய்ச்சுக் கொடுத்துடறேன்னார்" என்றான்.

"தேய்ச்சுக்கிட்டியா?"

"இல்ல. அம்மா நேர்ல பாக்கணும்னாங்கன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்."

"சரி" என்றாள். சூளை சூடேறிவிட்டதா என்று எட்டிப் பார்த்தாள். "அதுவரைக்கும் வலது பக்கமே மெல்லு."

எப்போது வருகிறாய் என்று அவள் கேட்கவில்லை.