ஈய வாளிக்கு இடப்பக்கம்

ஈயச் சுரங்க ஊரான பெக்கான் செராயாவின் அருங்காட்சியகத்துக்கு நோர்மாடியா பொறுப்பேற்றபோது, ஒரு நாளைக்கு நாலு பேர் வந்தால் அதிகம். அடுத்த ஆண்டு எதிரே பேருந்து நிலையம் திறந்தார்கள். அங்கே கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை. அருங்காட்சியகத்தில் வந்தது. ஒரு நாளைக்கு நானூறு பேர் என்று அறிக்கை போக ஆரம்பித்தது. எதற்காக வருகிறார்கள் என்று அறிக்கைப் படிவத்தில் கேள்வி இல்லை.

எண்ணிக்கையைப் பார்த்து அசந்துபோய்த் தலைநகரிலிருந்து அருங்காட்சியகத் துறை இயக்குநர் டாக்டர் இஸ்கண்டார் கிளம்பி வந்தார். நோர்மாடியா அவரைக் கூடம் கூடமாக அழைத்துப் போனாள்.

கழிப்பறை கடைசிக் கூடத்துக்கு அப்பால் இருந்தது. ஈயம் தோண்டிய பழைய கப்பலின் இரும்பு வாளியைச் சுற்றி வரிசை வளைந்து நின்றது. வரிசையில் இருந்த வயதான மீன் வியாபாரி சல்மாவிடம் டாக்டர் போனார்.

“மக்சிக், இங்க உங்க மனசைத் தொட்டது எது?”

“தண்ணி. நல்லா வேகமா வருது.”

“இந்த ஈய வாளி?”

“அதுதான் அடையாளம். அதுக்கு இடப்பக்கம் திரும்பணும்.”

நோர்மாடியா கூரையைப் பார்த்தாள்.

“கூடத்துக்குள்ள இப்படிக் கழிப்பறை வரிசை அழகில்ல, புவான்,” என்றார் டாக்டர் நோர்மாடியாவிடம், புறப்படும்போது. அவர் உத்தரவில் மூன்றே மாதத்தில் வெளி வளாகத்தில் புதுக் கழிப்பறை எழும்பியது. அது திறந்த அன்று அருங்காட்சியகத்துக்குள் வந்தவர்கள் ஆறு பேர். அதில் இருவர், கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர்கள்.

மூன்றாவது வாரம் சல்மா தனியாக உள்ளே வந்து, சுரங்கத் தொழிலாளர்களின் படத்துக்கு முன் நின்றாள்.

“நோர், இந்த மூணாவது ஆளு பேர் தெரியாதுன்னு போட்டிருக்கியே. எங்க மாமாதான். கூலோப்.”

“இத்தனை நாளா ஏன் சொல்லல, மக்சிக்?”

“சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் என் முறை வந்திரும். வரிசையில நின்னா கண்ணு வேற எங்க போகும்? இப்ப வெளியிலேயே முடிச்சுட்டுப் பஸ் ஏறிடுறோம்.”

நோர்மாடியா படத்தின் கீழே ‘கூலோப்’ என்று எழுதினாள். பிறகு நேரே வளாகத்துக்குப் போய்ப் புதுக் கழிப்பறையைப் பூட்டி, ‘பழுது’ என்று அட்டை மாட்டினாள்.

“என்ன பழுது, அக்கா?” என்று கேட்டார் காவலர் முஸ்தாபா.

“உள்ள ஒருத்தரும் வரல. அதுதான் பழுது லா.”

வரிசை மறுபடி வாளியைச் சுற்றி வளைந்தது. ஆண்டு முடிவதற்குள் படத்தில் ஏழு முகங்களுக்குப் பெயர் கிடைத்தது. எட்டாவது முகத்துக்கு இரண்டு குடும்பங்கள் உரிமை கொண்டாடி, வரிசையிலேயே சண்டை போட்டுக்கொண்டன. கழிப்பறையை வெளியே மாற்றியதால்தான் கூட்டம் பெருகிற்று என்று, பூட்டு விஷயம் தெரியாத டாக்டர் பாராட்டி எழுதி, தலைநகரில் பேச அழைத்தார்.

நோர்மாடியா போனாள். வெற்றிக்கு என்ன வழி என்று கேட்டார்கள்.

“வர்றவங்களைக் கொஞ்ச நேரம் நிக்க வைக்கணும்,” என்றாள்.

எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.