'கெதார்' என்ற சொல்லும் பெரிசாக்கிய படமும்

1

இப்போதெல்லாம் ஒருவரும் மனுசரிடம் ஒன்றும் கேட்பதில்லை. மழை வருமா என்று வானத்தைப் பார்க்காமல் போனைப் பார்க்கிறார்கள். செத்த வீட்டுக்கு வந்தாலும் குனிந்தபடிதான். வாசிகசாலை மலருக்குக் கதை வேண்டும் என்று முத்துலிங்கத்தைக் கேட்டவர்களும் போனில்தான் கேட்டார்கள். துணுக்காயில் வயல் செய்கிற, ஐந்தாம் வகுப்போடு நின்ற மனுசனிடம் என்ன கதை இருக்கும்? மருமகள் சிவரூபி ஸ்பானிய மொழி படிக்கிறாள். அது ஒன்றுதான் இருந்தது.

'நான்' என்று தொடங்கிப் பார்த்தார். பொலிசுக்கு வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி இருந்தது. வெட்டிவிட்டார். வாசிப்பவரே, இதை எழுதுகிற முத்துலிங்கமும் இதில் வருகிற முத்துலிங்கமும் ஒரே ஆள்தான். அதற்குமேல் கேட்க வேண்டாம்.

2

"பிரதாபன் ஒரு நல்ல மகன். சிறு வயதிலிருந்தே அவன்..."

(பொய். வயலுக்குக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்பான்.)

"அடர்ந்த காட்டில் மழை கொட்டிக்கொண்டு..."

(அந்தக் காட்டை முத்துலிங்கம் கண்டாரா?)

சரி, தெரிந்ததை எழுதுவோம். கனடாவுக்கு என்று கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் பிரதாபனைக் கொலம்பியாவில் இறக்கி, காட்டுப் பாதையால் நடக்க விட்டான். போன மாரியோடு அவன் போன் எடுப்பது நின்றது. பிறகு, அந்தப் பாதையோரம் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஒருத்தி, அவன் கொடுத்து வைத்திருந்த வீட்டு எண்ணுக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினாள். அதில் இவர்களுக்கு விளங்கியது 'பிரதாபன்' என்ற பெயர் மட்டும். மிச்சத்தை விளங்கிக்கொள்ளத்தான் அவன் மனைவி சிவரூபி அந்த மொழியைப் படிக்கத் தொடங்கினாள்.

3

"'சே கெதோ' எண்டு சொல்லுறா மாமா. 'கெதார்' எண்ட சொல்லில இருந்து வாறது."

"அப்பிடியெண்டா?"

"நிண்டிட்டார். ஆத்தடியில தங்கிட்டார்."

"தங்கினவன் ஏன் கதைக்கேல்லை?"

சிவரூபி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாள். "மிஞ்சிறதுக்கும் அந்தச் சொல்லுத்தான். சந்திப்பம் எண்டு பேசி வைக்கிறதுக்கும். சட்டை அளவா இருக்கெண்டாலும் அதுதான்."

"வேற?"

"சில இடத்தில... செத்துப் போறதுக்கும் சொல்லுவினமாம்."

"சொல்லுக்குப் பஞ்சமே அவங்களுக்கு!"

(இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று எழுதி வெட்டினார். அவள் அழவில்லை. எழும்பிப் போய்ப் பானையைக் கழுவினாள்.)

4

எந்தப் பொருளில் சொன்னாய் என்று சிவரூபி கடைக்காரியிடம் திருப்பிக் கேட்டாள். 'முகம் தெரிகிற படம் அனுப்பு, ஆற்றடி ஆட்களிடம் காட்டுகிறேன்' என்று பதில் வந்தது. போனில் இருந்த படம் எல்லாவற்றிலும் பிரதாபன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். முத்துலிங்கம் கலியாணப் படத்தைக் கொண்டுபோய், மல்லாவியில் படக்கடை வைத்திருக்கும் கிருசாந்தனிடம், "பெடியனை மட்டும் பெரிசாக்கித் தாரும்" என்றார்.

பின்னேரம் போனபோது படம் பிரேமுக்குள் இருந்தது. மகனுக்குப் பின்னால் நீல வானமும் மேகமும். பிரேமின் அடியில் சின்னதாய் ஒரு சிவப்பு லைற்.

"திகதியளைச் சொன்னா அடிச்சுத் தரலாம், ஐயா."

"என்ன திகதி?"

"பிறந்தது... மற்றது."

"அவன் உயிரோட இருக்கிறான்ரா!"

கிருசாந்தனுக்கு முகம் செத்துவிட்டது. "குறை நினையாதேங்கோ ஐயா. இஞ்ச பெரிசாக்க வாற படமெல்லாம் அதுக்குத்தானே வாறது."

லைற்றைக் கழற்றுவித்தார். அதைப் பூட்டியிருந்த ஆணி ஓட்டைகளைக் கழற்ற முடியுமா?

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனுசி அவர் மடியில் இருந்த படத்தைப் பார்த்தாள். "எப்ப ஐயா?" என்றாள். போனைப் பார்க்காமல் மனுசரிடம் நேரே கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

5

முடிவு: பிரதாபன் படலையைத் திறந்துகொண்டு வருகிறான்.

(சினிமா.)

வேறு முடிவு: சிவரூபி அந்தப் பிரேமைச் சுவரில் கொழுவி, படத்துக்குப் பொட்டு...

(கை ஓடவில்லை.)

நடந்தது இதுதான். அவள் படத்தைப் பிரேமிலிருந்து உருவி, முற்றத்து வெளிச்சத்தில் வைத்துப் போனால் எடுத்து அனுப்பினாள். இன்று காலை பதில் வந்திருக்கிறது. குரல்தான்.

"வந்து இருந்து கேளுங்கோ மாமா."

"நீ கேள் பிள்ளை. நான் வயலுக்குத் தண்ணி கட்டோணும்."

வாசிப்பவரே, உங்களிடமும் போன் இருக்கிறது. அந்தச் சொல் திரும்ப வந்தால், எந்தப் பொருளில் வருகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனையையும் ஒரு சொல்லுக்குள் போட்டு வைத்திருக்கிறவர்களை முத்துலிங்கம் நம்பத் தயாரில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்தார். படலையைச் சாத்தும்போது உள்ளே, போனில், கடைக்காரியின் குரல் தொடங்கியது. திரும்பாமல் வாய்க்கால் பக்கம் நடந்தார்.