தூக்கிய கால்

முன்னங்கால் ஒன்று தரையில் படாமல் தூக்கியபடியே இருக்கிறது, பென்சில் தடிமன்தான் இருக்கும், அதை வைப்பதா வேண்டாமா என்று சருகுமானுக்கே தெரியவில்லை, முயலைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, விலாவில் வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும், உதிர்ந்த இலைமேல் வெயில் விழுந்த மாதிரி, கண்ணை எடுத்தால் மறுபடி கண்டுபிடிக்க முடியாது, முதன்முதலில் அதை எனக்குக் காட்டியவர் என் வீட்டுக்காரர் மாடக்கண்ணுதான், கல்யாணமான புதிதில், மானுன்னு பேரு, கொம்பக் காணும், ஆணுக்குக் கோரைப்பல்லு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும் பாரு, ஒனக்குச் சொந்தம்ட்டி, என்று என் தெத்துப்பல்லைக் கேலி செய்தார், கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, இப்போது இரண்டும் வருவதில்லை.

மாசி பிறந்தால் மலையடிவாரத்தில் எங்களுக்குத் தீக்கோடு வேலை, கோடையில் காட்டுத்தீ தாண்டிவிடாதபடி ஒரு பட்டையை நாங்களே முன்கூட்டி எரித்துவிடுவது, பெண்கள் சருகைக் கூட்டி ஒதுக்குவோம், ஆண்கள் தகரம் தட்டிக் கூச்சல் போடுவார்கள், மிளாவும் பன்றியும் முயலும் ஓடிவிடும், எல்லாம் போயிட்டு, பத்த வையிங்கடே, என்கிறார் மேஸ்திரி, பற்றவைக்கிறார்கள், என் வீட்டுக்காரர் மட்டும் தகரத்தைக் கீழே போடுகிறார், ஏட்டி, அங்க சருகுமானு ஒண்ணு நிக்கு, அது சத்தங் கேட்டா ஓடாதுட்டி, வெறச்சுப்போயி நிக்கும், இந்தா தூக்கிட்டு வந்திருதேன், என்னங்க, காத்து திரும்புது, போவாதிய, என்கிறேன், என்றேன், கேட்டுக்கொண்டேதான் போனார், புகைக்குள்ளிருந்து அது மட்டும் வந்தது, வீசியெறிந்த மாதிரி என் காலடியில் விழுந்து, எழுந்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றது, தொண்டையின் வெள்ளை மட்டும் துடித்தது, நானும் நின்றேன், சாயங்காலம் தீ அவிந்த பிறகுதான் அவரை எடுக்க முடிந்தது, அழுதிருட்டி, அழுதிரு, என்று அவருடைய அக்கா பேச்சியம்மை மதினி என்னைப் பிடித்து உலுக்கினாள், துக்கம் இல்லாமல் இல்லை, உடம்பு மரத்துப்போயிருந்தது, இன்னும் விடவில்லை.

மறுபடி மாசி, மதினி விளக்குமாறோடு வாசலில் நிற்கிறாள், வாறியாட்டி, ஆளு எடுக்காவ, வீட்டுக்குள்ளயே கெடந்தா ஆச்சா, வருகிறேன் என்று சொன்னேனோ நினைத்தேனோ, படியிறங்கக் காலை எடுத்தேன், அடிவாரத்தில் தகரம் தட்டத் தொடங்கிவிட்டார்கள், ஓடு ஓடு என்கிற சத்தம்தான் அது, எனக்குத் தெரியும், கீழே எரியாத மண்தான், வைத்துவிடலாம், மதினி என் கையைப் பிடித்து இழுக்கிறாள், தூக்கிய கால் தூக்கியபடியே இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுத் தகரத்தைக் கீழே போட ஆள் இல்லை.