ஆய்வகத்தைத் திருப்பிக் கேட்டவள்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்ணுக்கு மரத்துப்போக ஊசி போட்டு, சற்று நேரம் வெளியே உட்காரச் சொல்லியிருந்தார்கள். பாதி வாயால்தான் பேச முடிந்தது. அந்த நிலையில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆனால் ஜெயித்த கையோடு வந்திருப்பவர்களுக்கு வாய் சும்மா இருக்காதே. என்ன வேலை என்று மரியாதைக்குக் கேட்டேன். மாவட்டப் பள்ளிகளின் வகுப்பறைகளுக்குள் கணினியைக் கொண்டுபோவதைத் திட்டமிடுவது என்றார். நான் மெல்ல ஒரு வாரப் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டேன். எடுத்ததோடு சரி, பிரிக்கவே இல்லை.

[மரத்த உதட்டில் எல்லா எழுத்தும் ஒரே எழுத்தாகத்தான் விழும். ஆகவே இங்கே சில சொற்கள் என் ஊகம். நிகழ்ச்சிகள் அவருடையவை.]

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

வகுப்பறைகளில் தொழில்நுட்பத்தை ஒருங்கிணைப்பது இன்றைய காலத்தின் தவிர்க்க முடியாத —

நிறுத்திவிட்டேன். இது கதையில்லை, சுற்றறிக்கை. அடுத்த முயற்சி:

மாவட்டக் கல்வி அலுவலகத்தின் சன்னலோரம் நின்று அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை அவளுடைய —

மழை பெய்ததாக அவர் சொல்லவே இல்லை. பாத்திரங்களைச் சன்னலோரம் நிறுத்தினால் உடனே மழையை வரவழைப்பது என் கெட்ட பழக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, தங்கை என்று இருவர். இருவரும் ஆசிரியைகள். அக்கா அறிவியல், தங்கை கணக்கு. அக்காவின் நாக்குக்குப் பயந்து பிள்ளைகள் அவளுக்கு 'அமிலம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். தங்கை பிறகு கல்வி அலுவலகத்துக்கு மாறி, திட்டமிடும் வேலைக்குப் போனாள்; அவள்தான் என் பக்கத்து நாற்காலி. அந்த அலுவலகம்தான் அக்காவின் ஆய்வகத்தைப் பறித்தது.

3.

பறித்தது என்பது அக்காவின் சொல். அலுவலகத்தின் சொல், 'மாற்றியமைத்தது'. பள்ளிக்கு ஒரு கணினி அறை என்பது அந்த அலுவலக இயக்குநரின் பழைய திட்டம். அறை என்ன ஆகாயத்திலிருந்தா குதிக்கும்? ஒரு பள்ளியில் நூலகம் போனது, இன்னொன்றில் ஓவிய அறை. அக்காவின் பள்ளியில் ஆய்வகம். கைகழுவும் தொட்டிகள்மேல் பலகை அடித்து, தரைக்கு விரிப்பு ஒட்டி, கணினிகளை வரிசையாக வைத்துப் பூட்டுப் போட்டார்கள். அதன்பிறகு அக்கா வீட்டில் தங்கையோடு எல்லாம் பேசுவாள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா, மாப்பிள்ளை வேலை மாறினாரா எல்லாம் கேட்பாள். அலுவலகத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள்.

இப்போது புதிதாக டேப்லெட்டுகள் வரப்போகின்றன. அவற்றுக்கு இன்னும் ஓர் அறை ஒதுக்க வேண்டும், திட்டம் போட்டுக் கொடு என்று தங்கையிடம் வேலை வந்தது. அவள் மேசையில் உட்கார்ந்து போடவில்லை. பள்ளி பள்ளியாகப் போனாள். போன இடமெல்லாம் கணினி அறை பூட்டித்தான் கிடந்தது. சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பார். திறந்த இடங்களிலோ எந்திரங்கள் உறை போர்த்திக்கொண்டு உள்நோயாளிகள்போல் கிடந்தன. பிள்ளைகள் வரிசையாக வந்து, எதையும் தொடாமல் பார்த்துவிட்டு, வரிசையாகப் போனார்கள்.

ஒரு பள்ளியின் வராந்தாவில் நின்றபடியே அவளுக்கு விஷயம் பிடிபட்டது. பாடம் ஓர் அறையில் நடக்கிறது, எந்திரம் வேறோர் அறையில் தூங்குகிறது. பின் எப்படி இரண்டும் சந்திக்கும்?

அவள் எழுதிய திட்டத்தில் அறையே கிடையாது. சக்கரம் வைத்த அலமாரி ஒன்று, அதில் டேப்லெட்டுகள். எந்தப் பாடத்துக்கு வேண்டுமோ அந்த ஆசிரியர் கூப்பிடுவார், அலமாரி வகுப்புக்குப் போகும். வேண்டாதபோது ஒதுங்கி நிற்கும். எடுத்துக்கொண்ட ஆய்வகங்களும் நூலகங்களும் திரும்பக் கொடுக்கப்படும்.

4.

இங்கே எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். இயக்குநரை வழுக்கைத் தலையும் வெற்றுச் சிரிப்புமாக எழுதி வைத்தேன். அவர் மேசையை ஓங்கித் தட்டி, "யாரைக் கேட்டு இப்படி —

கோடு போட்டு அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று அந்தப் பெண் அழுத்திச் சொன்னார். திட்டத்தை இயக்குநர் வரி விடாமல் படித்தாராம். தன்னுடைய பழைய திட்டத்துக்குச் சமாதி கட்டுகிற திட்டம் என்று தெரிந்தும் படித்தார். பிறகு நியாயமான கேள்வி ஒன்று கேட்டார்.

"அலமாரியைக் கூப்பிடணும்னு சொல்றீங்க. யாரு கூப்பிடுவாங்க? நம்ம சொல்லாம தானா கேட்கிற ஒரு ஆசிரியரைக் காட்டுங்க. நான் ஒத்துக்கறேன்."

தங்கை ரோஷத்தில் வாயை விட்டாள். "இதையெல்லாம் அடியோட வெறுக்கிறவங்களே கேட்பாங்க சார்."

"யாரு?"

"எங்க அக்கா."

சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டாள். அக்கா கேட்காவிட்டால் பழைய திட்டமே நடக்கும். இருக்கிற மிச்ச நூலகங்களுக்கும் பூட்டு விழும். அதில் தன் கையெழுத்தும் இருக்கும்.

5.

அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தங்கை முழுவதும் சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. இயக்குநரிடம் விட்ட சவாலையும் தங்கை மறைக்கவில்லை. கடைசித் துணியை மடித்து வைத்துவிட்டு அக்கா சொன்னாள்:

"முதல்ல என் ரூமைக் குடு. அப்புறம் உன் வண்டியைப் பத்திப் பேசலாம். ஆனா ஒண்ணு. உனக்காக நான் நாடகம் ஆட மாட்டேன். தேவைப்பட்டாத்தான் கேட்பேன்."

"தேவைப்படலைன்னா?"

"கேட்க மாட்டேன்."

அறையைத் திருப்பித் தரத் தலைமையாசிரியர் சம்மதித்தார். விடுமுறை நாளில் அக்காவும் தங்கையும் சில ஆசிரியர்களும் சேர்ந்து கணினிகளை வெளியேற்றினார்கள். விரிப்பைக் கிழித்தார்கள். பலகையைப் பெயர்த்தபோது அடியில் வெள்ளைத் தொட்டிகள் அப்படியே இருந்தன. அக்கா குழாயைத் திருகினாள். அது இருமியது, துருத் தண்ணீரைத் துப்பியது, பிறகு தெளிந்து ஓடியது. அக்கா வெகுநேரம் கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நின்றாள்.

[இந்த இடத்தில் சகோதரிகளைக் கட்டிப்பிடிக்க வைக்கலாமா என்று கை துறுதுறுத்தது. நடந்தது வேறு. சோதனைக்கு வந்த அலமாரியைக் கதவுக்கு எந்தப் பக்கம் நிறுத்துவது என்று இருவருக்கும் பெரிய சண்டை. கடைசியில் அது வெளியே, வராந்தாவில் நின்றது.]

6.

இயக்குநர் வகுப்பைப் பார்க்க வந்த அன்று, அக்கா எந்தப் பாடம் எடுக்கப்போகிறாள் என்று தங்கைக்குத் தெரியாது. கேட்டும் சொல்லவில்லை. இயக்குநர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தங்கை வராந்தாவில், அலமாரிக்குப் பக்கத்தில் நின்றாள்.

அக்கா முக்காலிமேல் ஏறினாள். கையில் ஒரு சுருள்வில். படியில் தானே இறங்கும் விளையாட்டுச் சாமான் உண்டே, அது. மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிட்டாள். அது தன் கனத்திலேயே நீண்டு, ஆடி நின்றது.

விட்டுவிட்டால் அடிமுனை என்ன செய்யும் என்று கேட்டாள். எல்லாம் சேர்ந்து விழும் என்றது பாதி வகுப்பு. அடிமுனை சுருங்கி மேலே ஏறும் என்றது மீதி. பின்பெஞ்சில் ஒரு பெண் மட்டும் எழுந்து, "அடி அப்படியே அந்தரத்துல நிக்கும் டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது.

அக்கா விட்டாள். கண் சிமிட்டும் நேரத்தில் சுருள் தரையில் கிடந்தது. மறுபடி விட்டாள். மறுபடியும் அப்படியே. பார்த்தியா, விழுந்துச்சு, இல்லை ஏறுச்சு என்று கூச்சல். பின்பெஞ்சுப் பெண் தலை குனிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னதுதான் சரி. அக்காவுக்குத் தெரியும். எத்தனையோ வருடமாக இதைச் செய்து காட்டி, கடைசியில் "நான் சொல்றேன், நம்புங்க" என்றுதான் முடித்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அந்த வார்த்தை அவளுக்கே கசக்கும். நம்புங்க என்பது அறிவியல் ஆசிரியை சொல்லும் பேச்சா? வாயில் அதே வார்த்தை வந்து நின்றது. குனிந்திருந்த அந்தத் தலையைப் பார்த்தாள். முக்காலியிலிருந்து இறங்கிக் கதவருகே வந்தாள்.

"அந்த வண்டியை உள்ள தள்ளு."

தங்கைக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அக்கா மெதுவாக, அமிலம் துளியும் இல்லாத குரலில் சொன்னாள்: "எனக்கு வேணும். கொண்டு வா."

சக்கரங்கள் கடகடவென்று உள்ளே வந்தன. குழுவுக்கு ஒரு டேப்லெட். அக்கா மறுபடி ஏறிச் சுருளை விட்டாள், பிள்ளைகள் படம் பிடித்தார்கள். பிறகு அதை மிக மெதுவாக ஓடவிட்டார்கள்.

மேல்முனை விழத் தொடங்கியது. வளையத்தின்மேல் வளையமாக மடங்கி மடங்கி வந்தது. அடிமுனையோ அசையவில்லை. பிடிக்க ஆளில்லை, கட்ட நூலில்லை, அந்தரத்தில் சிலைபோல் நின்றது. மேலிருந்து விழுவது வந்து தன்னைத் தொடும்வரை நின்றது. தொட்டதும் எல்லாமாகச் சேர்ந்து விழுந்தது.

வகுப்பில் எழுந்த ஆரவாரத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் பின்பெஞ்சுக்குப் பாய்ந்து அந்தப் பெண்ணைத் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இயக்குநர் எந்தக் குழுவுக்குள் எப்போது நுழைந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. ஒரு டேப்லெட்மேல் குனிந்து, "இன்னொரு தடவை போடுப்பா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

7.

தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் புதிய திட்டத்தை இயக்குநரே எடுத்துச் சொன்னார். அறைக் கணக்கில் தான் தப்புப் பண்ணிவிட்டதாக ஒலிபெருக்கியிலேயே ஒப்புக்கொண்டார். சுருள் அந்தரத்தில் நிற்கும் படம் திரையில் ஓடியது. அது முடிவதற்குள் ஒரு தலைமையாசிரியை எழுந்து, தன் நூலகம் எப்போது திரும்பி வரும் என்று கேட்டார். அவரைத் தொடர்ந்து மண்டபமே எழுந்தது. மாவட்டம் முழுக்கப் பூட்டுகள் கழன்றன. புத்தகங்கள் பெட்டியிலிருந்து அடுக்குகளுக்கு ஏறின. எந்திரங்கள் உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சக்கரம் ஏறி வகுப்பு வகுப்பாக உருண்டன.

8.

இங்கே முடித்திருக்கலாம். கைதட்டலோடு ஒரு முடிவு எழுதினேன், அரசு விழாபோல இருந்தது. அக்கா தங்கைக்கு நன்றி சொல்வதாக ஒன்று எழுதினேன். அக்காவைத் தெரிந்த யாரும் அதை நம்ப மாட்டார்கள். பின்பெஞ்சுப் பெண் பிற்காலத்தில் பெரிய விஞ்ஞானி ஆ —

வேண்டாம். காத்திருப்பு அறைப் பெண் எழுந்து மருத்துவரிடம் உள்ளே போகுமுன் கடைசியாகச் சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

இயக்குநர் வந்த அன்று பள்ளி விட்ட பிறகு அக்காவும் தங்கையும் மட்டும் ஆய்வகத்தில் இருந்தார்கள். டேப்லெட்டுகள் அலமாரிக்குள் போய்விட்டன. அக்கா முக்காலியில் ஏறிச் சுருளை வெறுமனே விட்டுக் காட்டினாள், தங்கை தரையில் மண்டியிட்டுப் பார்த்தாள். ஒருமுறை மெதுவாகப் பார்த்துவிட்டால் அப்புறம் வெறுங்கண்ணுக்கே தெரியும் என்பது அக்காவின் வாதம். தெரியாது, தெரிவதாக நீ நினைத்துக்கொள்கிறாய் என்பது தங்கையின் வாதம். அக்கா விட்டாள். தங்கை இறங்கச் சொல்லி, தான் ஏறி விட்டாள். வேலையைப் பற்றி இருவரும் மனம் விட்டுச் சண்டை போட்டு எத்தனை காலமாயிற்று.

யார் சொன்னது சரி என்று நான் எழுதப்போவதில்லை. ஒரு சுருள் வாங்கி, நாற்காலிமேல் ஏறி நின்று, பிடியை விடுங்கள். அடிமுனையையே பாருங்கள்.