பவுண்டரிச் சட்டை

என் வாயை நானே முதலில் தைத்திருக்க வேண்டும். ஹார்விங்டன் கார் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் சீட்டுக்குத் தோல் தைத்தவள் நான். அந்த ஊசிக்கு என் உதடு மட்டும் அகப்படாமல் போயிற்று.

என் புருஷன் லுட்விக் அதே தொழிற்சாலையின் பவுண்டரியில் இரும்புக் குழம்பு வார்த்தார், பதினேழு வருஷம். டெட்ராய்ட்டில் கார் செய்யாதவன் யார்? ஆனால் ஹார்விங்டன் என்றால் பேங்க் முதலாளிகளும் சினிமாக்காரிகளும் ஏறுகிற வண்டி. அதைச் செய்கிறவர் ஞாயிறு பூசைக்கு நகக்கண்ணில் கரியோடு வந்து என் பக்கத்தில் நிற்பார். எனக்கு மானம் போகும். அவர் சட்டையில் ஏறிய கறுப்பு எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. யார் கண்ணிலும் படக் கூடாதென்று வீட்டுக்கு அடியிலிருக்கும் நிலவறையிலேயே உலர்த்துவேன். எதிர்வீட்டு ஃபெலாவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. அவள் புருஷன் ஸ்தாஷ், லுட்விக்கிடம் வேலை பழகியவன். அவனுடைய கறுப்புச் சட்டைகள் தெரு பார்க்கக் கொடியில் ஆடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துமூன்றில் பாலிஷ் பிரிவுக்கு ஆள் கேட்டார்கள். செய்து முடித்த வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கும் வேலை. கீறல் விழும் என்று கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றச் சொல்வார்கள், அவ்வளவு சுத்தம். லுட்விக் மாட்டேன் என்றார். எங்கள் தொழிற்சாலையில் சீனியாரிட்டி பிரிவுக்குப் பிரிவு தனி. பிரிவு மாறினால் பழைய வருஷமெல்லாம் போச்சு, பட்டியலில் கடைசிப் பெயராகிவிடுவோம். ஆட்குறைப்பு வந்தால் முதலில் வெளியே போவது அந்தப் பெயர்தான். ஹார்விங்டனிலாவது, ஆட்குறைப்பாவது என்று சிரித்தேன். ஒரு மாசம் சோறு போடும்போதெல்லாம் நச்சரித்தேன்.

"ஏன்யா, அந்த ஸ்தாஷ் மாதிரி சாகற வரைக்கும் கரியத் தின்னுகிட்டே கெடக்கப் போறியா?"

மாறுதல் தாளில் அவர் கையெழுத்துப் போட்டார். பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தது நான்.

மூன்று வருஷம் எங்கள் கொடியில் வெள்ளைச் சட்டைகள் ஆடின. நான் வேண்டுமென்றே ஃபெலா வெளியே வரும் நேரம் பார்த்துத்தான் காயப் போடுவேன். அவ்வளவு திமிர்.

ஐம்பத்தாறில் ஹார்விங்டன் படுத்துவிட்டது. வண்டி செய்வதை நிறுத்தினார்கள். பவுண்டரியை மட்டும் வேறொரு கம்பெனி, அந்தப் பிரிவுப் பட்டியலில் இருந்த ஆட்களோடு சேர்த்து வாங்கிக்கொண்டது. பன்னிரண்டு வருஷக்காரன் ஸ்தாஷுக்கு வேலை தப்பியது. இருபது வருஷம் உழைத்த லுட்விக்கும் நானும் தெருவுக்கு வந்தோம்.

யூனியன் ஆபீஸுக்குப் போய்க் கத்தினேன். பதினேழு வருஷத்தைச் சேர்த்துக்கொண்டு அவரைப் பவுண்டரியில் விடுங்கள் என்றேன். அங்கே இருந்த டுடெக் நல்ல பையன்தான். அந்த மாறுதல் தாளை எடுத்து என் பக்கம் திருப்பினான்.

"இது யாரு கையெழுத்து, அக்கா?"

"அவருதுதான்."

"யாராவது கழுத்தப் புடிச்சுப் போட வச்சாங்களா?"

பாவி, ஒன்றும் தெரியாமல்தான் கேட்டான். எழுந்து வந்துவிட்டேன்.

எட்டு மாசம். நாற்பத்தாறு வயசுக்காரரை யாரும் எடுக்கவில்லை. ஒருநாள்கூட அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும்.

மே மாசம் ஸ்தாஷ் சொல்லிப் பவுண்டரியில் சேர்த்துக்கொண்டார்கள், புது ஆளாக. ஸ்தாஷின் கீழே வார்ப்பு அச்சுக்கு மண் அள்ளும் வேலை. முதல் நாள் திரும்பி வந்து சட்டையைக் கழற்றி மேஜைமேல் சூப்புக்குப் பக்கத்தில் வைத்தார். துவைத்து எடுத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் நிலவறைப் படிக்குப் போனேன்.

"எங்க போற?"

"காயப் போடத்தான்."

"வெளிய போடு. நடுக்கொடியில."

போட்டேன். ஃபெலா அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. தெருவைத் தாண்டி எங்கள் வேலியோரம் வந்து நின்றாள்.

"உங்க கொடியில இந்த மாதிரி ஒண்ணப் பாத்ததே இல்லையே, ப்ரோனியா. அப்பல்லாம் லாண்டரிக்குப் போட்டிருப்ப, கை பழகியிருக்காது. மண்ணெண்ணெயில ஊற வச்சுத் துவை, கொஞ்சம் விடும்."

பதினேழு வருஷம் அந்தக் கறுப்பை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கை வெந்தவள் நான். சரி, அப்படியே செய்கிறேன் என்றேன்.